போன வருஷத்துப் பசி

குதிரை வாங்குகிற யோசனை ஏதாவது உங்களுக்கு இருக்கிறதா? இருக்காது. சென்னையில் டூ வீலர் நிறுத்தவே இடமில்லை. இருந்தாலும் இந்த வாரம் ஒரு குதிரையின் குளம்பைப் பற்றி உங்களிடம் பேசியாக வேண்டும். அந்த விஷயத்தில் நான் செய்த தப்பு ஒன்று, வருடங்கள் ஓடியும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை உண்டு. 'நடங்க, இல்லாட்டி மாத்திரையைக் கூட்டுவேன்' என்று டாக்டர் மிரட்டியதால், மாலையில் மெரினாவில் நடப்பவன். காந்தி சிலையில் ஆரம்பித்து உழைப்பாளர் சிலையைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் அன்றைய கடமை முடிந்தது. திரும்புகிற வழியில் ஒரு மிளகாய் பஜ்ஜியும் உண்டு. அது டாக்டருக்குத் தெரியாது.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய மெரினா, டிசம்பர் 14-ம் தேதிதான் பொதுமக்களுக்குத் திறந்தது. கிட்டத்தட்ட ஒன்பது மாதம். திறந்த வாரமே போய் நின்றேன். அலை அப்படியே இருந்தது. பலூன் சுடுகிற கடை இருந்தது. சுண்டல் விற்கும் பையன்களில் பாதிப் பேரைக் காணோம். மணலில் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. குதிரை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். விலா எலும்பை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். இடுப்பெலும்பு இரண்டும் சட்டை மாட்டுகிற கொக்கி மாதிரி துருத்திக்கொண்டிருந்தன.

பெயர், சுல்தான்!

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவரும் ஏறக்குறைய அதே கதியில்தான் இருந்தார். "மூணு குதிர இருந்துச்சு சார். ஒண்ண வித்து சாப்ட்டோம். ஒண்ணு பூடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். குட்டிப்பய, மூணு வயசுகூட முழுசா ஆவல" என்றார். ரெண்டு வேளைத் தீனியை ஒரு வேளை ஆக்கினாராம். அப்புறம் அதுவும் பாதியானதாம். "நானே ரேஷன் அரிசிய நம்பிக்கினு கெடந்தேன். இவனுக்கு இன்னா சார் போடுறது?"

எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே திருவல்லிக்கேணியில் ஒரு மூட்டை கொள்ளு வாங்கிப் போட்டேன். மறுநாள் நாலு பாக்கெட் பிரெட். அதற்கு மறுநாள் வெல்லம். உள்ளங்கையில் வெல்லக்கட்டியை வைத்து நீட்டினால், சுல்தான் உதட்டால் பூப் பறிப்பது போல எடுத்துக்கொள்ளும் பாருங்கள்... அடடா! நான் மட்டும் அல்ல, வாக்கிங் வருகிற பாதிப் பேர் அதற்கு ஏதாவது கொடுத்தார்கள். எல்லோருக்கும் அந்த வருடம் யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம் ஊர்ப் பழமொழி. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான். அப்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. இளைத்தவனுக்கு மூட்டையோடு கொள்ளு போட்டேன். இது முக்கியம். பின்னால் திரும்பி வருவோம்.

பிப்ரவரி வாக்கில் விலா மறைந்தது. செவலைத் தோலில் மினுமினுப்பு வந்தது. குழந்தைகள் முதுகில் ஏற ஆரம்பித்தார்கள். 'சுல்தான் தேறிட்டான்' என்று நான் வீட்டில் ஏதோ என் பிள்ளை பாஸாகிவிட்ட மாதிரி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், ஒருநாள் முன்னங்கால் ஒன்றைத் தரையில் வைக்க முடியாமல் மூன்று காலில் நின்றது. 'ஆணி கீணி ஏறியிருக்கும்' என்றார் பெரியவர். பத்துப் பதினைந்து நாளில் குளம்புக்கு மேலே, முடி ஆரம்பிக்கிற ஓரத்தில் உடைந்து சீழ் வழிந்து, தானாகவே சரியானது.

ஏப்ரலில் மறுபடி. இந்த முறை இன்னொரு முன்னங்கால்.

எனக்குக் கோபம் வந்தது. குதிரை நன்றாகத் தின்கிறது, உடம்பு போட்டிருக்கிறது, அப்புறம் ஏன் நொண்ட வேண்டும்? ஓட்டி ஓட்டிக் காலை உடைத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். "நாலு காசு வந்ததும் இரக்கம் போயிடுச்சா பெரியவரே?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். செல்போனில் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, 'மெரினாவில் ஒரு கொடுமை' என்று பாதிக் கட்டுரை எழுதியும் விட்டேன். பத்திரிகைக்காரனுக்குக் கோபம் வந்தால் அது முதலில் தலைப்பாகத்தான் வரும்.

பெரியவர் எதிர்த்துப் பேசவில்லை. "எழுது சார். வாணாம்னு சொல்லல. ஒரு டாக்டரக் கூட்டியாந்து காட்டிட்டு எழுது. எனக்குந்தான் தெரியணும்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டாக்டரைத் தேடினேன். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறதே, அங்கே படித்த இளம் பெண் டாக்டர் ஒருவர், நண்பர் மூலமாக வந்தார். வந்ததும் குதிரையின் வாயைத் திறக்கவில்லை, ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. குனிந்து, குளம்புக்கு மேலே கணுக்காலின் பின்புறம் இரண்டு விரலை வைத்தார்.

"இங்க தொட்டுப் பாருங்க சார். துடிக்குதா?"

துடித்தது. கடிகாரம் போலத் துடித்தது. குளம்பும் மற்ற மூன்றைவிடச் சூடாக இருந்தது. அப்புறம் பெரிய குறடு மாதிரி ஒரு கருவியால் குளம்பின் அடியைச் சுற்றிலும் மெள்ள அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சுல்தான் காலை வெடுக்கென்று இழுத்தது. அந்த இடத்தில் லாடத்தைக் கழற்றி, வளைந்த கத்தியால் சுரண்டச் சுரண்ட, ஊசிமுனை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைப் பின்தொடர்ந்து கொஞ்சம் உள்ளே போனதும் குபுக்கென்று கறுப்பாக ஏதோ வந்தது பாருங்கள்... அந்த நாற்றத்தை எழுதினால் நீங்கள் பத்திரிகையைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

கால் மணி நேரத்தில் சுல்தான் அந்தக் காலை மணலில் ஊன்றியது.

உங்களுக்கு எப்போதாவது நகச்சுத்து வந்திருக்கிறதா? எலுமிச்சம்பழத்தை விரலில் செருகிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்போமே, அந்த வலிதான். ஆனால், நம் விரலில் தோல் வீங்கிக் கொடுக்கும். குளம்பு வீங்காது. உள்ளே சேர்கிற சீழுக்குப் போக இடமில்லை. அதன் மேல் முந்நூறு கிலோ உடம்பும் ஏறி நிற்கிறது. கால் எலும்பே முறிந்துவிட்டது என்று நினைக்கும் அளவுக்குக் குதிரை நொண்டும். வழி வெட்டிவிட்டால் வெளியே வரும். இல்லாவிட்டால் ஓரமாகவே மேலே ஏறி, முடி ஓரத்தில் தானே உடைத்துக்கொள்ளும். பிப்ரவரியில் நடந்தது அதுதான்.

வைத்தியம் எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பைக் கரைத்துக் காலை ஊற வைக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி கட்டாயம். குதிரைக்கு அந்த நோய் சட்டென்று தொற்றும். ஓட்டைக்குள் மணல் போகாமல் கட்டுப்போட வேண்டும். 'கட்டுக்குக் குழந்தைகளோட டயாப்பர்தான் பெஸ்ட். அது மேல நல்ல டேப்பா சுத்திடுங்க' என்றார் டாக்டர்.

மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

"டயாப்பர் வேணும்."

"குழந்தைக்கு என்ன வயசு சார்?"

"மூணு."

"வெயிட்?"

"முந்நூறு கிலோ இருக்கும்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எக்ஸ்ட்ரா லார்ஜ் பாக்கெட்டை எடுத்து வைத்தார்.

கட்டெல்லாம் போட்டு முடிந்ததும், மனசில் இருந்த கேள்வியைக் கேட்டேன். "ஓவரா ஓட்டினதாலதானே டாக்டர்?"

டாக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "இந்தக் குதிரை போன வருஷம் எப்படி இருந்தது?" என்று கேட்டார். டிசம்பரில் எடுத்த படம் செல்போனில் இருந்தது. காட்டினேன். உடம்பின் தேற்றத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போடுகிற முறை ஒன்று இருக்கிறதாம். ஹென்னகி என்ற அமெரிக்கர் குழு 1983-ல் வகுத்தது. படத்துக்கு இரண்டு மார்க் போட்டார். நேரில் நின்ற சுல்தானுக்கு ஐந்து. அப்புறம் குளம்பை ஈரத்துணியால் துடைத்து, "இங்க பாருங்க" என்றார்.

குளம்பின் முன்பக்கம், மேலிருந்து இரண்டு விரல்கடை கீழே, குறுக்காக ஒரு வரம்பு ஓடியது. வளையல் போட்ட மாதிரி. வரம்புக்கு மேலே குளம்பு வழவழப்பாக, இறுக்கமாக இருந்தது. கீழே சொரசொரவென்று, ஓரம் பிளந்து, அடியில் குளம்பும் பாதமும் சேருகிற வெள்ளைக் கோடு விட்டுப்போய்...

"குளம்பு நம்ம நகம் மாதிரி. மேல முடி ஓரத்துல பிறந்து, கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட முழுசா வராது. முன்பக்கம் மேலேருந்து தரைக்கு வந்து சேர ஒன்பதுலேர்ந்து பன்னிரண்டு மாசம் ஆகும். இன்னைக்கு இது மண்ணுல ஊனி நிக்குற குளம்பு, இது பட்டினி கிடந்தப்போ வளர்ந்தது. சத்தில்லாத குளம்பு. சின்ன விரிசல் போதும், கிருமி உள்ள போயிடும். உடம்பு தேறிடுச்சு சார். குளம்பு இன்னும் போன வருஷத்துலதான் நிக்குது."

நான் பி.காம் படித்தவன். இருபத்தைந்து வருடங்களாகக் கட்டுரை எழுதிப் பிழைத்தாலும், படித்த படிப்பு எங்காவது ஒரு மூலையில் கிடக்கும் அல்லவா... அது எழுந்து உட்கார்ந்தது. முதல் வருடம் எங்களுக்கு அக்கவுன்டன்சி எடுத்த வாத்தியார் சொல்வார்: 'மார்ச் 31-ம் தேதி ராத்திரி நோட்டை மூடினா கணக்கு முடிஞ்சதுனு நினைக்காதே. போன வருஷத்து குளோசிங் பேலன்ஸ்தான் இந்த வருஷத்து ஓப்பனிங் பேலன்ஸ்'. செலவு 2020-ல் ஆகிவிட்டது. பில் 2021-ல் வருகிறது. கையில் ரொக்கம் புரள்வதைப் பார்த்து 'இவனுக்கென்ன குறை' என்று சொல்கிறவன் கணக்குத் தெரியாதவன். மினுமினுப்பான தோலைப் பார்த்து நான் சொன்னதும் அதைத்தான்.

என் சொந்த ரத்தத்திலேயே இந்தக் கணக்கு ஓடுகிறது. டெஸ்ட்டுக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையை அழகாகக் காட்டுவேன். டாக்டர் சிரித்துக்கொண்டே எச்பிஏ1சி எழுதிக் கொடுப்பார். அது ஏறக்குறைய மூன்று மாதத்துப் பஜ்ஜியையும் சேர்த்துச் சொல்லிவிடும். குளம்பு ஒரு வருடத்து எச்பிஏ1சி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்துடன் முடிந்திருந்தால் பெரியவரிடம் ஒரு சாரியோடு தப்பித்திருப்பேன். டாக்டர் அடுத்து இன்னொன்று கேட்டார்.

"டிசம்பர்ல திடீர்னு இதுக்கு நிறையத் தீனி போட்டாங்களா? தானியம், இனிப்பு ஏதாவது?"

பெரியவர் தரையைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

பட்டினி கிடந்த குதிரைக்கு முதலில் புல்லும் வைக்கோலும்தானாம். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக. வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்ட வேண்டும். தானியத்தையும் வெல்லத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் சில குதிரைகள் செத்தே போகும். பிழைத்தாலும், குளம்பையும் உள்ளே இருக்கிற எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சதையடுக்கு வீங்கித் தளரலாம். அந்த இடைவெளி வழியாகச் சீழ் வரும், திரும்பத் திரும்ப வரும். 'இந்த வரம்பு இவ்வளவு அழுத்தமா இருக்கறதைப் பார்த்தா, பட்டினியும் காரணம், அப்புறம் வந்த விருந்தும் காரணம்' என்றார் டாக்டர்.

அந்த விருந்தில் ஒரு மூட்டை என்னுடையது. வெல்லமும் என்னுடையது. பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கியவர் அவர்.

"தெரியாமதான சார் குடுத்த" என்றார் பெரியவர், டாக்டர் போன பிறகு. "நானுந்தான வாங்கிப் போட்டேன். பசிச்ச புள்ள, துன்னட்டும்னு இருந்துச்சு. அளவு பாக்கத் தோணல." அவ்வளவுதான். திருப்பி ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரி, 'மெரினாவில் ஒரு கொடுமை'யைத் திறந்து படித்தேன். தலைப்பு சரியாகத்தான் இருந்தது. பெயரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அழித்துவிட்டேன்.

டாக்டர் கிளம்பும்போது ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 'இந்த வரம்பு தரைக்கு வந்து சேரணும். வருஷக் கடைசி ஆயிடும். அதுவரைக்கும் மறுபடி வரலாம். வந்தா பயப்படாதீங்க. குளம்பைத் தினமும் சுத்தம் பண்ணுங்க, ஈரத்துல நிக்க வைக்காதீங்க, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை சீவி விடுங்க.' பயோட்டின் மாதிரி சத்து மருந்து எழுதிக் கொடுத்தபோதும், 'இது புதுசா வளர்ற குளம்புக்குத்தான். பழசை எதுவும் பண்ணாது' என்றார்.

மருந்து பழசை எதுவும் பண்ணாது. அந்த வரியோடுதான் அந்த வருடம் முழுக்க நடந்தேன்.

மே 10-ம் தேதி இரண்டாவது அலைக்கு முழு ஊரடங்கு வந்தது. இந்த முறை தீனி நிற்காமல் பார்த்துக்கொண்டோம். வைக்கோல், அருகம்புல், கோதுமைத் தவிடு. கொள்ளு அளவோடு, ஊற வைத்து. வெல்லம் கிடையாது. ஜூலையில் மூன்றாவது தடவை நொண்டியது. டயாப்பர், டேப், எப்சம் உப்பு. நவம்பர் மழையில் சென்னையே மிதந்தபோது நான்காவது தடவை. குளம்பு ஈரத்தில் ஊறி ஊறி இளகிப்போனதுதான் காரணம். ஒவ்வொரு தடவையும், 'வித்துடு பெரியவரே, இது தேறாது' என்று யாராவது வந்து சொன்னார்கள். கேட்டவர் ஒருவர் நல்ல விலையே சொன்னார். பெரியவர் என்ன செய்வார் தெரியுமா? சுல்தானின் காலைத் தூக்கி, வரம்புக்கும் தரைக்கும் நடுவே விரலை வைத்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு வெரல் கீது சார்" என்பார்.

ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "நானும் இவன் மாதிரிதான் சார். இப்ப பாக்கறவனுக்கு நான் சம்பாதிக்கிறேன். ஆனா, அப்போ வாங்கின தண்டலத்தான் இன்னும் கட்டிக்கினு கீறேன்."

எனக்கு அலுவலக நண்பர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். 2020-ல் வேலை போய், எட்டு மாதம் வீட்டில் இருந்து, மறுபடி நல்ல வேலையில் சேர்ந்தவர். சேர்ந்து ஆறு மாதம் கழித்து, ஒரு மத்தியான நேரம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார். 'அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இப்ப என்ன?' என்று கேட்டோம். நானும்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க அவரிடம் குளம்பு இல்லை.

உங்கள் பக்கத்திலும் யாராவது இருப்பார்கள். வியாதியிலிருந்து எழுந்தவர், கடனிலிருந்து மீண்டவர், ஒரு சாவு வீட்டிலிருந்து வெளியே வந்தவர். ஆள் பார்க்கத் தெம்பாக இருப்பார். திடீரென்று ஒருநாள் நொண்டுவார். அப்போது என்னை மாதிரி செல்போனை எடுக்காதீர்கள். வெல்லத்தையும் எடுக்காதீர்கள். வரம்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

2022 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். லாடக்காரர் வந்திருந்தார். சுல்தானின் முன்னங்காலை மடித்து இரண்டு தொடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஓரத்தைச் சீவினார். பிறை மாதிரி ஒரு துண்டு மணலில் விழுந்தது. சொரசொரப்பாக, விளிம்பில் அந்த வரம்போடு. 2020-ல் மிச்சமிருந்தது அவ்வளவுதான். பெரியவர் குனிந்து அதை எடுத்துப் பார்க்கப் போனார். அதற்குள் எங்கிருந்தோ ஒரு மெரினா நாய் ஓடி வந்து, அதைக் கவ்விக்கொண்டு கடலைப் பார்க்க ஓடியது. நாய்களுக்குக் குளம்புச் சீவல் என்றால் உயிராம். லாடக்காரர் சொன்னார்.

"துன்னுட்டுப் போவட்டும் சார்" என்றார் பெரியவர்.

சுல்தான் நான்கு காலையும் ஊன்றி நின்றது. நான் பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தேன். ஒன்றே ஒன்று.